ஏரியல் கட்டிய தென்னை

வெள்ளையடிக்க ஆள் வருகிறது என்று பரணைக் காலி செய்துகொண்டிருந்தோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் துருவேறிய ஓவல்டின் டப்பா ஒன்று அகப்பட்டது. மூடியை நெம்பினால் உள்ளே பழைய ஐ.எஃப்.டி. காயில்கள், ஒரு கேங் கண்டன்சர், வயர்த் துண்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில், தீப்பெட்டியைவிடச் சிறியதாக ஒரு கறுப்பு பேக்கலைட் பெட்டி. கீழே இரண்டு கால்கள், முகத்தில் மூன்று திருகுகள், பாதி அழிந்துபோன ஓர் எண். தங்கை மகன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா இது, அந்தக் காலத்து பிளக்கா?" என்றான்.

அது கிரிஸ்டல். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்காக லட்சக்கணக்கில் செய்யப்பட்ட எஃப்.டி. 243 வகை. போர் முடிந்ததும் மிஞ்சியவை ஏலத்தில் போய், கைமாறிக் கைமாறி, பல நாடுகளிலும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் மேஜைக்கு வந்து சேர்ந்தன. என்னிடம் வந்தது சென்னை மூர் மார்க்கெட் வழியாக. 1985இல் தீக்கு இரையான அந்த மார்க்கெட்டில், பழைய புத்தகக்காரர்களைத் தாண்டிப் போனால், சாக்கு விரித்து மீட்டரும் வால்வும் ஹெட்போனும் குவித்து வைத்திருப்பார்கள். விற்பவருக்கு அது என்ன பொருள் என்று தெரியாது. தெரிந்தவன் குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அதைப் பொறுக்கும் அளவுக்கு எனக்குக் கண் திறந்துவிட்டவர் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ரேடியோ கடை வைத்திருந்த அண்ணாச்சி. கடை என்றால் ஒரு பெஞ்சு, ஒரு முக்காலி, சுவரெல்லாம் ஆணி. மர்ஃபியும் பிலிப்ஸும் புஷ்ஷும் முதுகுப் பலகை கழற்றிய நிலையில் வரிசையாகக் கிடக்கும். அப்போது வீட்டில் ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி, அதற்கென்று இருக்கும் புத்தகத்தில் பதிந்து வாங்கி வருவார்கள். ரிப்பேர் முடிந்த ரேடியோவில் அண்ணாச்சி முதலில் பிடித்துப் பார்ப்பது இலங்கை வானொலியைத்தான். எங்கள் பக்கத்தில் அது அவ்வளவு தெளிவாகக் கேட்கும்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன். போ என்றும் சொல்ல மாட்டார், வா என்றும் சொல்ல மாட்டார். கொஞ்ச நாள் கழித்து ஒரு திருப்புளியைக் கையில் கொடுத்தார். வால்வு ரேடியோவுக்குள் இருநூறு, இருநூற்றைம்பது வோல்ட் நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் பெரிய கண்டன்சரில் அது தங்கியிருக்கும். அதனால் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் ரேடியோவைப் பற்றியதே இல்லை. "ஏலே, ஒத்தக் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கோ. ஒரு கைதான் உள்ள போகணும்." இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்டு ஒரு கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையில் இறங்கும். இன்று 12 வோல்ட் பேட்டரியில் வேலை செய்யும்போதுகூட என் இடது கை தானாகப் பின்னால் போய்விடுகிறது.

இரண்டாவது பாடம் ஈயம் வைப்பது. 25 வாட் சோல்ட்ரான் அயர்ன் ஒன்று எப்போதும் சூடாகவே இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் ஈயத்தை அயர்னின் முனையில் உருக்கி, உருகிய சொட்டை இணைப்பின் மேல் கொண்டுபோய்த் தடவுவார்கள். அண்ணாச்சிக்கு அதைப் பார்த்தாலே பொறுக்காது. "கம்பியச் சுடுடா. கம்பி சூடானா ஈயம் தானா ஓடி வரும்." நன்றாகப் பிடித்த பற்று பளபளவென்று, கம்பியைத் தழுவி இறங்கியிருக்கும். சரியாகச் சூடேறாத பற்று மங்கலாக, உருண்டையாக நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டியதாகத்தான் தெரியும். உள்ளே ஒட்டியிருக்காது. ரேடியோ இன்று பாடி நாளை பாடாமல் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். இதை எந்தச் சர்க்யூட் படத்திலும் வரைந்து காட்ட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

முதலில் நான் செய்தது பேட்டரியே வேண்டாத கிரிஸ்டல் செட். ஒரு காயில், ஒரு கேங், ஓ.ஏ. 79 டையோடு, காதில் வைக்கும் ஒரு சின்ன இயர்போன். காயில் சுற்றக் குழல் தேடினேன், வீட்டில் காலி மாத்திரை டப்பா கிடைத்தது. ஜன்னலிலிருந்து புளியமரத்துக்கு ஒரு கம்பி, குழாயடியில் எர்த். திருநெல்வேலி வானொலி நிலையத்தின் நாதஸ்வரம் கேட்டது. காற்றில் வந்த அலையின் வலுவைத் தவிர அந்தப் பெட்டிக்கு வேறு தீனி கிடையாது. இதை அம்மாவிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல் இயர்போனை அவள் காதில் வைத்தேன். அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் நின்றாள்.

கேட்பது போதாது, பேச வேண்டும் என்ற ஆசை அதன்பின் வந்தது. அதற்கு வேறொரு குரு. தந்தி ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் அவரைத் 'தந்தி சார்' என்றுதான் சொல்வோம். வாழ்நாளெல்லாம் மோர்ஸில் பிறப்பும் இறப்பும் அனுப்பி வாங்கியவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து விரலால் பலகையில் தட்டுவார். நான் சொல்ல வேண்டும். "தம்பி, புள்ளி கோடுன்னு மனசுல எழுதாதீங்க. காது கேக்கட்டும், கை எழுதட்டும். நடுவுல நீங்க வராதீங்க." அவர் பழகிய தந்திக் கருவியில் நீண்டு ஒலிக்கும் ஓசை கிடையாது. டொக்கென்று ஒரு தட்டல், சற்று இடைவெளி, இன்னொரு தட்டல். அந்த இடைவெளியை வைத்தே அவர் எழுத்தைப் பிரிப்பார். எனக்கு ஓசை இருந்தும் திணறியது. உடைந்த ஹாக்சா பிளேடை ஒரு தேக்குக் கட்டையில் முடுக்கி, நுனியில் மேஜை இழுப்பறையின் குமிழை வைத்து எனக்கொரு கீ செய்து கொடுத்தார். 2013 ஜூலையில் நாட்டில் தந்தி சேவை நின்றபோது செய்தித்தாளில் கடைசி நாள் கூட்டத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்க்க இல்லை. ஆனால் இன்றும் 7 மெகாஹெர்ட்ஸில் யாராவது கையால் மோர்ஸ் அடித்தால் எனக்கு அந்தத் திண்ணைதான் கேட்கிறது.

அமெச்சூர் லைசென்ஸுக்குத் தேர்வு எழுத வேண்டும். ரேடியோவின் அடிப்படை, சட்டதிட்டம், அத்தோடு மோர்ஸ். அப்போது இரண்டாம் கிரேடுக்கு நிமிடத்துக்கு 5 சொல், முதல் கிரேடுக்கு 12. தேறிய பிறகு போலீஸ் விசாரணை உண்டு. காக்கிச் சட்டையில் ஒருவர் வாசலில் வந்து என் பெயரைச் சொல்லி விசாரித்ததும் பாட்டிக்குக் கைகால் ஓடவில்லை. அவர் காப்பி குடித்துக்கொண்டே, "இதுல எங்க ஸ்டேஷன் பேசுறது கேக்குமா?" என்றார். கேட்காது, இது வேறு அலைவரிசை என்று விளக்கினேன். எதையோ எழுதிக்கொண்டு போனார். வி.யு. என்று தொடங்கும் அழைப்புக்குறி என் பெயருக்கு டெல்லியிலிருந்து வந்த நாளில், பாட்டி அந்தக் காகிதத்தைச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டுத்தான் கையில் கொடுத்தாள்.

லைசென்ஸ் வரும்வரை சும்மா இருக்கவில்லை. ஏரியல் கட்டினேன். நடுவில் வெட்டிய கம்பிதான், இருபுறமும் சம நீளம். மொத்த நீளத்தை அடியில் கணக்கிட, 468ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 66 அடி சொச்சம் வரும். ஒரு நுனி மாடிக் கைப்பிடியில், மறு நுனி கொல்லைத் தென்னையில். தென்னை காற்றில் ஆடும், கம்பி அறுந்துவிடும் என்று மரம் ஏற வந்தவரே ஒரு வழி சொன்னார். கிணற்று உருளை ஒன்றை மரத்தில் கட்டி, கயிற்றை அதன்வழி விட்டு, கீழ் நுனியில் ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டார். மரம் சாய்ந்தால் செங்கல் ஏறும், நிமிர்ந்தால் இறங்கும், கம்பியின் இழுவை மாறாது. ரேடியோ பற்றி ஒரு சொல் அறியாதவர் அவர். என் ஸ்டேஷனிலேயே ஒருநாளும் பழுதாகாத பகுதி அவர் செய்ததுதான்.

கிரிஸ்டலுக்கு வருகிறேன். மூர் மார்க்கெட்டில் வாங்கியதன் அதிர்வெண் அமெச்சூர்களுக்கு ஒதுக்கிய எல்லைக்குச் சற்றுக் கீழே இருந்தது. அதை ஏற்றலாம். மூன்று திருகையும் கழற்றினால் இரண்டு உலோகத் தகட்டுக்கு நடுவே, விரல் நகத்தளவு குவார்ட்ஸ் சில்லு. கண்ணாடிப் பலகையில் மிக நயமான தேய்ப்புப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, சில்லை ஒற்றை விரலால் மெல்ல அழுத்தி, எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். தேயத் தேய மெலியும், மெலிய மெலிய அதிர்வெண் ஏறும். கொஞ்சம் தேய்த்து, சோப்பில் கழுவி, காயவைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். அளவுக்கு மேல் போய்விட்டால் பென்சிலால் லேசாகத் தீற்றினால் சிறிது இறங்கும். இந்தக் கை வேலை முழுவதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தது கேரளத்திலிருந்து ஒரு முதியவர் எழுதிய இன்லண்ட் கடிதம். மடிப்பின் ஓரங்களில்கூட இடம் விடாமல் எழுதியிருந்தார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஒரு பத்திரிகையில் அவர் பெயரைப் பார்த்துச் சந்தேகம் கேட்டு எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.

டிரான்ஸ்மிட்டர் என்று நான் செய்தது ஓர் எஸ்.எல். 100 டிரான்சிஸ்டரும் அந்தக் கிரிஸ்டலும். ஒரு வாட்கூட வராது. ஒரு காலைப்பொழுதில் மோர்ஸில் பொது அழைப்பு அடித்தேன். கொழும்பிலிருந்து பதில் வந்தது. பாளையங்கோட்டைக்குக் கொழும்பு அப்படியொன்றும் தூரமில்லை. பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் சில நூறு கிலோமீட்டருக்குள் நன்றாக எட்டும். இருந்தும் கை நடுங்கியது. அவர் கொடுத்த சிக்னல் மதிப்பெண் 579, அதற்குப் பின்னால் 'சி' என்ற எழுத்து. அந்த எழுத்துக்குப் பொருள், என் ஓசை நிலையாக இல்லை, ஒவ்வொரு அழுத்தலிலும் குருவி கத்துவதுபோல வளைகிறது என்பது. வாழ்த்துச் சொல்லி முடித்துவிடாமல், பொறுமையாக, என் வேகத்துக்கு இறங்கி அடித்தார். ஆஸிலேட்டரைக் கீயால் வெட்டாதே. அதை ஓட விட்டு, அடுத்து ஒரு பஃபர் கட்டம் வைத்து, அங்கே வெட்டு. முகம் தெரியாத ஒருவர், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, விரலாலேயே ஒரு சர்க்யூட் வரைந்து காட்டினார். கொஞ்ச நாளில், பேசியதை உறுதிசெய்து அனுப்பும் க்யூ.எஸ்.எல். அட்டை அவரிடமிருந்து வந்தது. பின்பக்கத்தில் அதே சர்க்யூட், ரெசிஸ்டர் மதிப்புகளோடு.

இந்தப் பொழுதுபோக்கில் என்னைக் கட்டிப்போட்டது தூரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானைப் பிடித்தாயா, பிரேசிலைப் பிடித்தாயா என்று கேட்கிறார்கள். என்னைப் பிடித்து வைத்தது இந்த மனிதர்களின் தாராளம். தெரிந்ததை மூடி வைக்கத் தெரியாதவர்கள்.

சாமான் வாங்க நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கி, அங்கிருந்து மவுண்ட் ரோடு பக்கம் நடந்து ரிச்சி தெருவுக்குப் போவேன். போகிற வழியில் எழும்பூரைக் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றும். தமிழ்நாட்டில் வானொலி பிறந்த இடம் அது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அந்த ஆண்டு ஜூலை மாதமே 40 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றிலிருந்து ஒலிபரப்பினார். அரசாங்கம் செய்யவில்லை, பெரிய கம்பெனியும் செய்யவில்லை. ஆர்வத்தால் கூடிய சிலர் செய்தார்கள். பணமில்லாமல் 1927இல் கிளப் மூடிக்கொண்டது. கருவி மாநகராட்சியிடம் போய், 1930இல் அவர்கள் ஒலிபரப்பைத் தொடர்ந்தார்கள். இதைப் பள்ளிப் பாடத்தில் வைக்க வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரிச்சி தெருவில் அப்போது சீட்டு எழுதிக்கொண்டு போவோம். பி.சி. 147 இல்லையென்றால் 148 எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைப்பையனே சொல்வான். எனாமல் கம்பி எடை போட்டுத் தருவார்கள். இல்லாத சாமானுக்கு மாற்றுக் கண்டுபிடிப்பதுதான் இங்கே பெரிய வித்தை. வெளிநாட்டுப் புத்தகங்களில் போட்டிருக்கும் ஃபெரைட் வளையம் இங்கே கிடைக்காது. டி.வி. ஏரியலோடு வரும் 'பலூன்' என்ற சின்ன இணைப்பியை உடைத்தால் உள்ளே இருக்கும் கோர் அந்த வேலையைச் செய்தது. கலர் டி.வி.க்குள் இருக்கும் 4.43 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் மலிவு. அதையே வரிசையாக அடுக்கிப் பேச்சுக்கு வேண்டிய ஃபில்டர் கட்டினோம்.

இந்த மாற்றுச் சாமான் வித்தைக்கு ஒரு பெரிய மரியாதை வந்தது 2000களின் தொடக்கத்தில். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான், வி.யு.2 ஈ.எஸ்.ஈ., 'பிட்எக்ஸ்' என்ற டிரான்ஸீவரை வடிவமைத்து யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டார். 14 மெகாஹெர்ட்ஸில் 6 வாட் பேச்சு. எல்லாமே தெருக்கடையில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்கள். அதிர்வெண்ணை நகர்த்தும் வி.எஃப்.ஓ. ஆஸிலேட்டரின் காயிலைச் சுற்ற, தண்ணீர்க் குழாயில் போடும் வாஷர். கடைசிக் கட்டத்தில் ஐ.ஆர்.எஃப். 510, பவர் சப்ளை போன்ற வேலைகளுக்கென்று செய்த மலிவான மாஸ்ஃபெட். வாஷர் என்றதும் நான் சத்தமாகச் சிரித்தேன், சந்தோஷத்தில். எங்கள் மாத்திரை டப்பாவுக்கும் டி.வி. பலூனுக்கும் தம்பி பிறந்துவிட்டான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைப் பார்த்துச் செய்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஹைதராபாத்காரர் ஒருவரின் படத்தைப் பார்த்து ஈயம் வைக்கிறார்கள் என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை.

நானும் ஒரு பிட்எக்ஸ் கட்டினேன். எங்கள் ஊர் வெயிலில் அதன் வி.எஃப்.ஓ. நிலையாக நிற்க ஒரு கோடை முழுக்கப் பிடித்தது. ஃபேனைப் போட்டால் ஒரு பக்கம் நகரும், அணைத்தால் மறு பக்கம். வெயிலில் வைத்த வெல்லம்போல் அதிர்வெண் இளகிக்கொண்டே இருக்கும். காயில் சூட்டில் விரிவதை ஈடுகட்ட பாலிஸ்டைரீன் கண்டன்சர், காயிலின் சுற்றுகள் அசையாமலிருக்க உருக்கிய மெழுகு, எல்லாவற்றையும் மூடத் தகர டப்பா. அதையும் சூடாகும் கடைசிக் கட்டத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இதில் ஒவ்வொன்றையும் காலை வேளையில் பேசும் நண்பர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். யாரும் ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஒன்றைச் செய்துவிட்டு வா, அடுத்ததைச் சொல்கிறேன் என்பது எழுதாத வழக்கம். நல்ல வழக்கம்.

அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை மறக்க முடியாது. 2004 டிசம்பர் 26. அந்தமானிலிருந்து அமெச்சூர் ரேடியோ இயங்குவது அபூர்வம். அந்த மாதம் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் இறங்கி, வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற குறியோடு உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. அந்தமானைப் பிடிக்கப் பல நாட்டுக்காரர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். நிலநடுக்கமும் சுனாமியும் வந்து மற்றத் தொடர்புகள் அறுந்தபோது, விளையாட்டுக்காகக் கொண்டுபோன அதே கருவிகள் தீவுக்கும் கரைக்கும் நடுவே செய்தி சுமந்தன. இன்னார் உயிரோடிருக்கிறார், இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள். பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவரை நெரிசலாக இருந்த அலைவரிசையில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் கடற்கரையும் அன்று அழுதுகொண்டிருந்தது. நான் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது திருநெல்வேலி, தூத்துக்குடி என்று கேட்பார்களா என்று இரவுவரை உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஆண்டு மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் ஏறியது. அமெச்சூர்களுக்கென்றே இந்தியா அனுப்பிய செயற்கைக்கோள். கழற்றிப்போட்ட டி.வி. ஏரியலின் அலுமினியக் குழாய்களை அளவாக வெட்டி, மரச்சட்டத்தில் பொருத்தி, தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நின்று அதன் குரலைக் கேட்போம். நெருங்கி வரும்போது ஓசை ஒரு மாதிரி, விலகும்போது இறங்கும். டாப்ளர் விளைவைப் பிள்ளைகளுக்கு நான் விளக்கவே இல்லை. அவர்களாகவே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

இப்போது நிறைய மாறிவிட்டது. எஃப்.டி.8 என்ற முறையில் இரைச்சலுக்கடியில் புதைந்த சிக்னலைக் கணினி தோண்டி எடுக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ டெய்லர் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர். அதன் திறமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பதினைந்து வினாடிக்கு ஒருமுறை இரண்டு கணினிகள் மதிப்பெண் கொடுத்துக்கொள்ளும் அந்த உரையாடலில், உன் ஓசை வளைகிறது, பஃபர் வை என்று சொல்ல இடமில்லை. உள்ளங்கையளவு நானோ வி.என்.ஏ. ஏரியலின் குணத்தைப் படமாகக் காட்டுகிறது. இது மட்டும் அப்போது இருந்திருந்தால் என்று ஏங்குகிறேன். தேர்விலும் ஒரு பிரிவுக்கு மோர்ஸ் தேவையில்லை என்றாகிவிட்டது.

அடுத்த தெருவிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி சனிக்கிழமைகளில் வருகிறாள். டிரான்ஸ்மிட்டர்தான் செய்ய வேண்டும் என்று வந்தவளை ரிசீவரில் உட்காரவைத்தேன். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கேட்கத் தெரியாதவர் கையில் டிரான்ஸ்மிட்டரைக் கொடுக்கக் கூடாது. என்.ஈ. 612, எல்.எம். 386 என்று இரண்டே ஐ.சி. வைத்த டைரக்ட் கன்வெர்ஷன் ரிசீவர். சுவிட்ச் போட்டதும் ஸ்பீக்கர் படகு மோட்டாராக டபடபத்தது. "அங்கிள், ஐ.சி. போயிடுச்சா?" ஐ.சி.யைத் தொடாதே, ஐ.சி.க்குச் சோறு போகும் வழியைப் பார் என்றேன். மீட்டரை வைத்துத் தேடி, எல்.எம். 386இன் ஆறாவது காலுக்கு அருகிலேயே 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இல்லை என்பதை அவளே பிடித்தாள். தள்ளி, போர்டின் மூலையில் வைத்திருந்தாள். காலருகே மாற்றியதும் டபடப்பு நின்றது. எர்த் உறுமல் ஒன்று மிச்சமிருந்தது. அடாப்டரைக் கழற்றிப் பேட்டரி மாட்டியதும் அதுவும் போயிற்று. அடியில் இருந்து மோர்ஸ் ஓசை மெல்ல எழுந்து வந்தது.

"என்ன சொல்றாங்க?"

யாரையாவது கூப்பிடுகிறார் என்றேன்.

"நான் பதில் சொல்ல முடியுமா?"

தேர்வு, லைசென்ஸ் எல்லாவற்றையும் சொன்னேன். மோர்ஸ் இல்லாத பிரிவும் இருக்கிறது என்றேன். அவள் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே, மோர்ஸ் உள்ள பிரிவுதான் வேண்டும் என்றாள். நாளை முதல் சாயங்காலம் அரைமணி நேரம் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் அவள் வீட்டு மாடியில் ஏரியல் கட்ட வேண்டும். கணக்கை அவளையே போடச் சொன்னேன். 7.05 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பக்கம் 33 அடி 2 அங்குலம் என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். இன்சுலேட்டரில் சுற்றிக் கட்டவும், பிறகு நறுக்கிச் சரிசெய்யவும் இன்னும் ஓர் அடி சேர்த்து வெட்டச் சொல்லி, கம்பிச் சுருளையும் கிணற்று உருளை ஒன்றையும் கொடுத்தனுப்பினேன்.